மலைத்தண்ணீர் புனிதம்தான், சுத்தமா?

"மலைத்தண்ணிக்கு என்ன தம்பி குறை? முருகன் காலடியில இருந்து வருது!" இப்படிச் சொல்லும் பெரியவரிடம் எதிர்த்துப் பேச யாருக்கும் மனம் வராது. பினாங்குத் தமிழர்களாகிய நமக்கு அது பழகிப்போன உணர்வு. பாலதண்டாயுதபாணி கோயில் இருக்கும் மலையையே 'தண்ணீர்மலை' என்றுதானே அழைக்கிறோம்! 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குள்ள அருவித் தண்ணீர்தான் கால்வாய் வழியாக ஜார்ஜ்டவுன் மக்களுக்குக் குடிக்கக் கிடைத்தது. தைப்பூசத்துக்குப் பத்து காவானிலிருந்து பாலம் தாண்டிப் போகும் நாமும் அந்தப் பெயரோடுதான் வளர்ந்தோம்.

ஆனால் இளையோரே, புனிதம் வேறு, சுத்தம் வேறு. புனிதம் நாம் அந்தத் தண்ணீருக்குக் கொடுக்கும் மரியாதை. சுத்தம் அந்தத் தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்ற கணக்கு.

கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும் ஓடையிலும் கிருமி இருக்கலாம். மேலே குரங்கு, எலி, காட்டுப்பன்றி எல்லாம் நடமாடுகின்றன. சரிவில் தோட்டம் இருந்தால் உரமும் பூச்சிமருந்தும் மழையோடு இறங்கும். குடிநீரில் 100 மில்லி லிட்டருக்கு ஒரு ஈ. கோலி கிருமிகூட இருக்கக்கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அது இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். கொதிக்கக் காய்ச்சினால் கிருமி சாகும், பூச்சிமருந்து போகாது. அதை ஆய்வகச் சோதனைதான் காட்டும்.

2010இல் பகாங் மாநிலத்தின் லுபோக் யூ நீர்வீழ்ச்சியில் ஒருவரைத் தேடும் பணிக்குப் போனவர்களுக்கு எலிக்காய்ச்சலும் மெலியோய்டோசிஸும் தொற்றின. சிலர் இறந்தே போனார்கள். உதவி செய்யப் போன நல்ல மனிதர்கள். அவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்கப் போகவில்லை, அதில் இறங்கினார்கள், அவ்வளவுதான்.

நான் எனக்காகக் குடித்தால் வயிற்றுவலி என்னோடு போகும். ஆனால் தண்ணீர்ப் பந்தலில் நின்று நூறு பேருக்கு ஊற்றிக் கொடுக்கும்போது? வெயிலில் நடந்து வரும் குழந்தை நம்மை நம்பித்தான் டம்ளரை வாங்குகிறது. 'நல்ல மனசோடதானே கொடுத்தேன்' என்பது அங்கே பதில் ஆகாது. தெரிந்துகொள்ள வழி இருந்தும் பார்க்காமல் கொடுப்பது அலட்சியம். சேவை என்ற பெயர் அதை மாற்றிவிடாது.

"அப்போ தீர்த்தத்தையும் காய்ச்சணுமா?" என்று கிண்டலாகக் கேட்பார்கள். காய்ச்சினால் என்ன? நைவேத்தியத்துக்கு அரிசியைக் கல் பொறுக்கி, கழுவித்தானே சமைக்கிறோம். அதனால் சாமிக்கு மரியாதை குறைந்துவிட்டதா?

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. குழாய்த்தண்ணீரைச் சிலர் 'மருந்து வாடை' என்று ஒதுக்குகிறார்கள். பினாங்குக்குத் தேவையான தண்ணீரில் பெரும்பகுதி மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அந்த ஆறு பிறப்பது கெடாவின் உலு மூடா காட்டில். ஆக, குளோரின் வாடை அடித்தாலும் பத்து காவான் வீட்டுக் குழாயில் வருவதும் மலைத்தண்ணீர்தான்! சுங்கை டுவா நிலையத்தில் சுத்திகரித்து அனுப்புகிறார்கள். 2024 ஜனவரியில் வால்வு மாற்றும் வேலைக்காகச் சில நாள் தண்ணீர் நின்றபோது வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினோமே, ஞாபகம் இருக்கிறதா?

அந்தக் காட்டில் மரம் வெட்டுவது பற்றிப் பல வருடமாகப் பேச்சு நடக்கிறது. தண்ணீருக்குப் பினாங்கு பணம் கொடுக்கணும் என்று கெடா கேட்கிறது, பினாங்கு மறுக்கிறது. தினமும் குடிப்பவர்கள் நாம். தண்ணீர்மலைப் படிகளைக் கூட்டிச் சுத்தம் செய்ய நம் பிள்ளைகள் ஆர்வமாகக் கை தூக்குகிறார்கள், சந்தோஷம். உலு மூடா என்று சொன்னால், "அது எங்க இருக்குண்ணே?" என்று கேட்கிறார்கள்.