திட்டு வாங்கும் உரிமை

போன மாதம் ஒரு சனிக்கிழமை. அக்காவின் மகன் ஹால் சுவரில் மார்க்கர் பேனாவால் டைனோசர் வரைந்துவிட்டான். ஆறு வயது. அக்கா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "அறிவில்ல? சுவர்ல கிறுக்காதன்னு எத்தனை தடவ சொல்றது? இன்னிக்கு டிவி கெடையாது, போ!"

அரை மணி நேரம் கழித்து சின்னவள் மைலோ டின்னைச் சமையலறைத் தரையில் கவிழ்த்தாள். அவளுக்கு நான்கு வயது. அக்கா ஓடி வந்தாள். வாய் திறந்தது, மூடியது. "பரவால்லம்மா, அம்மா தொடைச்சிக்கிறேன்."

மகன் கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏம்மா அவள மட்டும் திட்ட மாட்டேங்கிற?"

யாரும் பதில் சொல்லவில்லை. சின்னவள் அக்காவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டின்னில் மிச்சமிருந்ததையும் நிதானமாகக் கொட்டினாள்.

சின்னவள் சீனப் பிள்ளை. ஐந்து மாதக் குழந்தையாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். யார் கொடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அது அவளுடைய கதை. பெரியவளாகி அவள் சொல்ல நினைத்தால் சொல்லட்டும். இதையே எழுதலாமா என்று எனக்குத் தயக்கம் இருந்தது. அக்காவிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

பசார் மாலாமுக்குப் போனால் கேள்வி வரும். "யாரு புள்ள இது?" "என் புள்ளதான்" என்பாள் அக்கா. எதிரே நிற்பவர் ஒரு முறை மகனைப் பார்ப்பார், ஒரு முறை மகளைப் பார்ப்பார். "ஓ... நல்ல காரியம் பண்ணியிருக்கீங்க. புண்ணியம்." மகனைப் பெற்றதற்காக அக்காவுக்கு இதுவரை யாரும் புண்ணியம் கொடுத்ததில்லை.

அன்றிரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு கேட்டேன். அக்கா மறுக்கவில்லை.

"அவனத் திட்டுனா நான் அம்மாடா. இவளத் திட்டுனா சித்தி. கேக்கிறவங்க காதுல அப்படித்தான் விழும். எனக்கே அப்படித்தான் விழுது."

நீதிமன்ற உத்தரவுக்கு முன்பு சமூக நல இலாகா அதிகாரி ஒருவர் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார். நல்ல மனுஷி, காப்பி குடித்துவிட்டுச் சிரித்துப் பேசிவிட்டுத்தான் போனார். ஆனால் அந்த அம்மா இன்னும் சோபாவிலேயே உட்கார்ந்திருப்பதுபோல் அக்காவுக்கு இருக்கிறதாம். குரல் உயரும்போதெல்லாம் அந்தப் பக்கம் ஒரு பார்வை போய் வருகிறது.

நம் நாட்டில் முஸ்லிம் அல்லாதவர்கள் 1952ஆம் ஆண்டு தத்தெடுப்புச் சட்டத்தின்படி நீதிமன்றம் வழியாகப் பிள்ளையைத் தத்தெடுக்கலாம். உத்தரவு வந்துவிட்டால் அந்தப் பிள்ளை தம்பதிக்கு முறையான திருமணத்தில் பிறந்த பிள்ளையைப் போலவே ஆகிவிடும். சொத்தில் பங்கு உண்டு, பெற்றவர்களின் சட்ட உரிமைகள் முடிந்துபோகும். கவனித்தால் சட்டமும் 'போல' என்றுதான் சொல்கிறது. சட்டத்துக்கு அது போதும். அந்த 'போல'வை வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலையை எப்படிக் கடப்பது என்பதுதான் எங்கள் பிரச்சனை.

மச்சான் இந்தப் பேச்சில் அக்காவின் பக்கம் இல்லை, என் பக்கமும் இல்லை. "ஒரு வீட்ட ஏற்கெனவே இழந்துட்டு வந்த புள்ள. அதுக்கு ஞாபகம் இல்லாம இருக்கலாம். நாளைக்கு உண்மை தெரியிறப்போ, அன்னிக்கு அம்மா போட்ட சத்தத்துக்கு வேற அர்த்தம் வந்துடும். கொஞ்சம் பாத்துக் கையாண்டா என்ன தப்பு?" தப்பில்லைதான். நான் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக இருக்கிறேன். 'உடையும் பொருள்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியை எல்லோரும் கவனமாகத்தான் தூக்குவார்கள். ஆனால் அந்தப் பெட்டி எப்போதும் இன்னொருவருடைய சரக்கு.

இந்த வீட்டில் இது முதல் முறையும் இல்லை. என் பாட்டி ஒரு சீனச்சி.

மலாயாத் தோட்டங்களில் இது அபூர்வமே அல்ல. வறுமை, ஜாதகப் பொருத்தமின்மை, பெண்ணாகப் பிறந்தது என்று பல காரணங்களால் சீனக் குடும்பங்கள் கொடுத்த பெண் குழந்தைகளைத் தமிழர்கள் எடுத்து வளர்த்தார்கள். அவர்கள் தமிழச்சிகளாகவே வளர்ந்து, புடவை கட்டி, வெற்றிலை போட்டு, தைப்பூசத்தில் பால்குடம் எடுத்தார்கள். ஜப்பான்காரன் காலத்தில் சுங்கைப்பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்துக்கு வந்து சேர்ந்தவர் பாட்டி. பத்திரம், அதிகாரி, நீதிமன்றம் எதுவும் கிடையாது. பிறந்த தேதியும் தெரியாது.

மைலோ விஷயத்தைச் சொன்னதும் பாட்டி சிரித்தார். "என்னைய எங்கம்மா வெளக்கமாத்துக் கட்டையால அடிச்சிருக்கு. எந்தம்பிங்களுக்கும் அதே கட்டதான். ஆனா ஒரு நாளும் சீனச்சின்னு சொல்லி அடிச்சதில்லய்யா."

கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. இந்த மாதிரிக் கதைகளை நாங்கள் குடும்ப விசேஷங்களில் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். எனக்கு இப்போது அதில் பாதி நம்பிக்கைதான். பாட்டியை மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள், தம்பிகளைப் பார்த்துக்கொள்ள. தாத்தாவின் அப்பா வீடு அல்ல, பாட்டியின் அப்பா வாங்கிய வீடு, அது தம்பிகளுக்குப் போனது, பாட்டிக்கு ஒன்றும் வரவில்லை. மகள் என்பதால் வரவில்லையா, எடுத்து வளர்த்த மகள் என்பதால் வரவில்லையா? அந்த வீட்டில் வேறு பெண் பிள்ளை இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க. நிபோங் திபாலில் நான்கு வருடம் படித்த பொறியியல் இதில் உதவவில்லை. இரண்டு காரணங்கள் ஒரே இடத்தில் சேர்ந்து நிற்கும்போது, ஒரே ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு எது எதைச் செய்தது என்று பிரிக்க முடியாது. பாட்டியிடம் கேட்டேன். "அப்பல்லாம் பொம்பளப் புள்ளைக்கு யாருய்யா குடுத்தா?" என்று வெற்றிலையை மடித்தார். அவரும் யோசித்திருக்கிறார் என்று அந்தப் பதிலின் வேகத்தில் தெரிந்தது.

ஆக, எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைத்த அடி இவளுக்கும் கிடைத்தது என்பதை வைத்து அன்பை அளப்பதா? அடியில் சமமாக இருப்பது எளிது. அடிக்குச் செலவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும்தான் செலவு.

அக்கா வீட்டில் கணக்குத் தலைகீழ். பள்ளி, சொத்து, உடுப்பு எல்லாவற்றிலும் இரண்டு பிள்ளைகளும் சமம். கோபத்தில் மட்டும் இல்லை. நான்கு வயதுப் பிள்ளை பத்திரத்தைப் படிக்காது, முகத்தைப் படிக்கும். அன்று அவள் மிச்ச மைலோவைக் கொட்டியது சேட்டையாக எனக்குப் படவில்லை. அண்ணனுக்குக் கிடைப்பது தனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று இன்னொரு முறை சோதித்துப் பார்த்தாள்.

ஆனால் அவன் கேட்ட கேள்விக்கு இரண்டு பக்கம் இருப்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது. 'அவளையும் திட்டு' என்று அவன் சொல்வதாகவே நாங்கள் மூன்று பெரியவர்களும் எடுத்துக்கொண்டோம், இரவெல்லாம் பேசினோம். 'என்னையும் திட்டாதே' என்று ஏன் அது இருக்கக்கூடாது? யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பில் அக்கா மகளுக்குக் கொடுக்கும் அந்த ஒரு நொடி நிதானம், யாரும் பார்க்காத மகனுக்கு ஏன் இல்லை? பெற்ற பிள்ளை எங்கேயும் போய்விடாது என்ற தைரியத்தில் எவ்வளவு கத்தியிருக்கிறோம்! இதைச் சொன்னதும் அக்காவுக்குக் கோபம் வந்தது. "நீ ஒரு புள்ளயப் பெத்து வளத்துட்டு வந்து பேசு" என்றாள். பிறகு தன் வாயிலிருந்து வந்த 'பெத்து' என்ற சொல்லைக் கேட்டு அவளே கொஞ்சம் நின்றாள்.

போன வாரம் சின்னவள் அண்ணனின் பள்ளிச் சப்பாத்தைத் தூக்கி வீட்டு முன்னால் இருக்கும் கால்வாயில் போட்டாள். காலை மணி ஏழு, பள்ளி வேன் வந்து நிற்கிறது. அக்கா யோசிக்கவில்லை. "ஏய் கழுத! கொழுப்பாடி ஒனக்கு?" தெருவே திரும்பிப் பார்த்தது. சின்னவள் ஒரு நொடி திகைத்து நின்றாள். அப்புறம் பெருங்குரலெடுத்து அழ ஆரம்பித்தாள்.

ஒற்றைச் சப்பாத்தோடு நின்ற அண்ணன்தான் முதலில் பேசினான்.

"போதும்மா. அவ அழுவுறா."

"நீ வாய மூடு. மொதல்ல வேன்ல ஏறு."