தராசா? தாளமா?

"நம்மூர் ஏடு நம் கழகத்துக்கு ஓரவஞ்சனை செய்கிறது!" இங்கிலாந்தின் கால்பந்து நகரங்களில் என்றும் ஓயாத குற்றச்சாட்டு இது. லிவர்ப்பூல் நகரை எடுத்துக்கொள்வோம். சிவப்புச் சட்டை அணியும் லிவர்ப்பூல் கழகமும், நீலச் சட்டை அணியும் எவர்ட்டன் கழகமும் அங்கே உண்டு. இரண்டின் செய்திகளையும் தாங்கி வருகிறது "லிவர்ப்பூல் எக்கோ" என்னும் ஏடு. நீலத்துக்கு நிறைய இடம் என்று சிவப்பர் சீறுவர். சிவப்புக்கே சிறப்பிடம் என்று நீலர் புழுங்குவர். தாள் ஒன்று, மை ஒன்று. படிக்கும் கண்களுக்குத்தான் நிறம் இரண்டு!

பந்தாட்டத்தில் என்ன தத்துவம் என்று தள்ளிவிடாதீர், தோழர்களே! நேர்மை என்னும் சொல்லை நாம் எந்தப் பொருளில் ஆளுகிறோம் என்பதை இந்த வழக்கு காட்டிக்கொடுக்கிறது. கழகப் பற்று பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்கு வருகிறது. சாதி வருவதுபோல, சமயம் வருவதுபோல. ஆய்ந்து பெற்றதன்று, பிறந்து பெற்றது. அத்தகைய பற்று ஆடுகளத்தில் ஆரவாரம் செய்யட்டும், குற்றமில்லை. அது நீதிபதியின் நாற்காலியில் ஏறி அமரும்போதுதான் பகுத்தறிவாளன் எழுந்து கேள்வி கேட்கவேண்டும்.

ரசிகர்களின் குறைகளைப் பிரித்துப் பார்த்தால் அவை மூன்று வகை. எங்களுக்கு இடம் குறைவு என்பது ஒன்று. எங்களைப் பாராட்டும் மொழி குறைவு என்பது இரண்டு. எங்களைப் பற்றி எழுதியது பொய் என்பது மூன்று. முதல் இரண்டும் அளவையும் சுவையையும் பற்றியவை, வாதத்துக்கு உரியவை. மூன்றாவதுதான் அறத்தைப் பற்றியது. இம்மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, "நேர்மை" என்று பெயரெழுதி ஒட்டும்போதே தவறு தொடங்குகிறது.

உள்ளூர் ஏடு வாழும் வகையையும் நினைக்கவேண்டும். அதற்குச் செய்தி தருவது கழகம். பயிற்சியாளரின் பேட்டியும், ஆட்டக்காரர்களின் சந்திப்பும், அரங்கில் செய்தியாளர் இருக்கையும் கழகத்தின் கையில். அதற்குக் காசு தருபவர் ரசிகர். கதவைச் சாத்திவிடுவேன் என்று கழகம் மிரட்டலாம். வாங்காது விட்டுவிடுவேன் என்று ரசிகர் மிரட்டலாம். இரு பக்கமும் இடி வாங்கும் மத்தளம் அது. இந்நிலையில் ஏடு நேர்மையாக இருப்பது எளிதன்று. தாளம் போடுவதே எளிது.

நியூகாசில் நகரில் 2013-ஆம் ஆண்டில் நடந்ததைப் பாருங்கள். நியூகாசில் யுனைடெட் கழகத்தை 2007-இல் விலைக்கு வாங்கியவர் மைக் ஆஷ்லி என்னும் விளையாட்டுப் பொருள் வணிகர். 1892 முதல் அக்கழகம் ஆடிவந்த செயின்ட் ஜேம்ஸ் பார்க் அரங்கின் பெயரை நீக்கி, 2011-இல் தம் கடையின் பெயரைச் சூட்டினார். அடுத்த ஆண்டில்தான் பழைய பெயர் மீண்டது. அவர் ஆட்சியை எதிர்த்து ரசிகர் சிலர் 2013 அக்டோபரில் ஊர்வலம் சென்றனர். உள்ளூர் ஏடான "குரானிக்கிள்" அதை விரிவாக வெளியிட்டது. கழகம் என்ன செய்தது? அந்த ஏட்டுக்கும், அதே நிறுவனத்தின் மற்ற இரண்டு ஏடுகளுக்கும் கதவை அடைத்தது. ஊர்வலத்துக்கு அவை தந்த இடம் அளவுக்கு மிஞ்சியது என்பதே கழகத்தின் வாதம்.

அளவுக்கு மிஞ்சிய இடம்! எந்தச் சொல்லை ரசிகன் நாள்தோறும் ஏட்டின்மேல் வீசினானோ, அதே சொல்லை முதலாளி எடுத்துக்கொண்டார். அவன் வீசியபோது அது முணுமுணுப்பு. அவர் வீசியபோது அது பூட்டு. "எங்கள் ஊர் ஏடு எங்கள் பக்கம் நிற்கவேண்டும்" என்று கேட்கும் ரசிகன், "எங்கள்" என்பது யார் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. கழகம் என்பது அரங்கில் நின்று குரல் கொடுக்கும் மக்களா? பத்திரத்தில் பெயர் உள்ள உடைமையாளரா? பக்கம் நிற்கப் பழகிவிட்ட ஏடு, வலியவர் பக்கமே நிற்கும். கதவின் சாவி வலியவரிடம் இருப்பதால்.

அப்படியானால் ரசிகரின் கோபம் எல்லாம் வீண் கோபமா? இல்லை. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் ஏற்பட்ட நெரிசல், லிவர்ப்பூல் ரசிகர்கள் 97 பேரின் உயிரைக் குடித்தது. நான்காம் நாள் "தி சன்" என்னும் நாடு தழுவிய ஏடு, "உண்மை" என்று கொட்டை எழுத்தில் தலைப்பிட்டு, இறந்தவர்களின் பைகளை ரசிகர்கள் துழாவியதாகவும், காவலர்மீது சிறுநீர் கழித்ததாகவும் எழுதியது. உண்மை என்ற தலைப்பின்கீழ் பொய்! லிவர்ப்பூல் வட்டாரத்து மக்கள் அந்த ஏட்டைப் புறக்கணித்தனர். தலைமுறை கடந்தும் வாங்க மறுத்தனர். 2012-இல் தனிக் குழுவின் ஆய்வு அந்தப் பழிச்சொற்களுக்கு ஆதாரமில்லை என்று காட்டியது. ஏடு மன்னிப்புக் கேட்டது. 2016-இல் சான்றாயர் குழு, மாண்டவர்கள் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டனர் என்றும், ரசிகர் நடத்தை அதற்குக் காரணமன்று என்றும் தீர்ப்பளித்தது. இருபத்தேழு ஆண்டுகள்!

அங்கே மக்கள் கேட்டது புகழ்ச்சியை அன்று. எங்கள் பிணங்களின்மேல் பொய்யைக் கொட்டாதே என்றுதான் கேட்டனர். மறுமொழி சொல்ல வாயில்லாதவர்மீது, காவல்துறையின் வாய்மொழியை ஆய்ந்து பாராமல் சுமத்தியதே அந்த ஏட்டின் குற்றம். இரண்டு வழக்குகளையும் அருகருகே வையுங்கள். நியூகாசிலில் ஏடு சொன்னது கசந்தது, ஆயினும் ஊர்வலம் நடந்தது மெய். ஹில்ஸ்பரோவில் ஏடு சொன்னது பொய். கசப்பும் பொய்யும் ஒன்றல்ல. கசப்பைக் கண்டதும் "ஓரவஞ்சனை" என்று கூவுபவன், உண்மையிலேயே வஞ்சிக்கப்பட்டவனின் குரலுக்கும் மதிப்பில்லாமல் செய்துவிடுகிறான்.

நேர்மையை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பெயர்களை மாற்றிப் படியுங்கள். எதிரிக் கழகத்தைப் பற்றி இதே வரிகள் வந்திருந்தால் "சரியான அடி" என்று கைதட்டியிருப்போமா? ஆம் எனில், குறை ஏட்டில் இல்லை. பகைவனின் முதலாளியைக் கேட்ட கேள்வியை நம் முதலாளியிடமும் கேட்கச் சம்மதமா?

நியூகாசில் ரசிகர்களுக்கு அந்தச் சோதனை நேரில் வந்தது. 2021 அக்டோபரில் கழகம் கைமாறிற்று. சவுதி அரேபிய அரசின் முதலீட்டு நிதியத்துக்கு 80 விழுக்காடு பங்கு. அரங்கின் வாயிலில் மகிழ்ச்சி கரைபுரண்டது. ஆனால், 2018-இல் இஸ்தான்புல் நகரத்துச் சவுதி துணைத் தூதரகத்தில் செய்தியாளர் ஜமால் கசோக்கி கொல்லப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் நினைவூட்டின. 2025 மார்ச்சில் அக்கழகம் லிவர்ப்பூலை வென்று லீக் கோப்பையை ஏந்தியது; உள்நாட்டுப் பெருங்கோப்பை கண்டு எழுபது ஆண்டுகளாகியிருந்தன. மகிழ்ந்தவர் மகிழட்டும்! ஆயின் கோப்பை, கேள்விக்கு விடையாகுமா? தோல்வி தந்த முதலாளியை ஏடு கேட்டபோது அது துணிவு, வெற்றி தரும் முதலாளியைக் கேட்டால் அது துரோகம் என்றால், நாம் நாடியது நேர்மையை அன்று, வெற்றியைத்தான்.

நடுவு நிலைமைக்குத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர், துலாக்கோலைத்தான் உவமை காட்டினார். துலாக்கோலுக்கு உற்றாரில்லை, ஊரில்லை. தட்டில் வைத்த பொருள் நம்முடையது என்பதற்காக முள் சாய்ந்தால், அந்தக் கடையில் நாளை நாமே ஏமாறுவோம். ஏட்டைக் கண்டிக்க ரசிகனுக்கு முழு உரிமை உண்டு. பொய் எங்கே, எந்த வரியில் என்று சுட்டிக் கண்டிக்கட்டும். சுட்டமுடியாத இடத்தில், சினம் தணிந்து சிந்திக்கட்டும்.

கழகம் என்ற சொல் நமக்கும் புதிதன்று, தோழர்களே! நம் கழகத்தை, நம் தலைவரை, நம் கொள்கையை ஓர் ஏடு குறை கூறும்போதும் முதற்கேள்வி "எவன் எழுதினான்?" என்பதாக இருக்கவேண்டாம், "எழுதியது மெய்யா?" என்பதாக இருக்கட்டும். தாளம் கேட்டுப் பழகிய செவிக்குத் தராசு முள்ளின் அசைவு புலப்படாது.