ஒரு சாண் வலப்பக்கம்

மூத்தப்பாவிடம் மணிக்கூடு இருந்தது. பள்ளிவாசலிலும் இருந்தது. ஆனாலும் அஸர் தொழுகைக்கு நேரம் ஆகிவிட்டதா என்று பார்க்க அவர் வளவுக்குள் இறங்கி வெறுங்காலோடு மணலில் நிற்பார். அவருடைய தலையின் நிழல் விழும் இடத்தில் நான் ஓர் ஈர்க்கைக் குத்த வேண்டும். பிறகு குதிகாலும் பெருவிரலும் முட்ட முட்ட அடி வைத்து, நின்ற இடத்திலிருந்து ஈர்க்கு வரைக்கும் நடப்பார். ஓர் ஆளின் உயரம் அவருடைய காலடியில் ஏறக்குறைய 7. உச்சிப் பொழுதில் எஞ்சி நிற்கும் நிழலோடு இந்த 7 அடியும் சேர்ந்துவிட்டால், நாங்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி அஸர் வந்துவிட்டது. உச்சி நிழல் மாதத்துக்கு மாதம் மாறும். அது அவருக்கு மனப்பாடம்.

"மார்கழிக்கு நாலு அடி. பங்குனி பொறந்தா ஒண்டு. சித்திரைக்கு முன்னம் காலுக்குள்ள பூந்திரும், மகன்."

அவர் மௌத்தாகிப் பல ஆண்டுகள் கழித்து அந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். எங்கள் ஊரான கல்முனை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7.4 பாகையில் இருக்கிறது. மார்ச் 20ஐ ஒட்டிய நாளில் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்கிறது. அப்படியென்றால் அன்று உச்சியில் எங்கள் தலைக்கு மேலிருந்து 7.4 பாகை தெற்கே சாய்ந்திருக்கும். 7 அடி உயரத்துக்கு அந்தச் சாய்வு தரும் நிழல் ஓர் அடிக்குச் சற்றே குறைவு. டிசம்பர் 21இல் 4 அடிக்குக் கொஞ்சம் அதிகம். ஏப்ரல் 8, 9 அளவில் நிழலே இல்லை. ஜூனில் நிழல் தெற்குப் பக்கம் திரும்பி 2 அடி நீளும். மூத்தப்பா எங்கும் பிழை விடவில்லை.

பள்ளிக்கூடத்தில் அந்த மார்ச் நாளுக்கு 'சம இரவு நாள்' என்று பெயர் படித்தோம். பகலும் இரவும் 12 மணி நேரம். கேள்வித்தாளில் எழுதினால் முழுப் புள்ளி. கடற்கரையில் நின்று பார்த்தால் கணக்கு வேறு. அன்று கல்முனையில் உதயம் 6 மணி 7 நிமிடம் அளவில், மறைவு 6 மணி 13 நிமிடம் அளவில். பகல்தான் 12 மணி நேரத்தைவிட ஆறேழு நிமிடம் நீளம். சூரியனின் மேல் விளிம்பு தெரிந்ததுமே பகல் என்கிறோம். அதுவும் உண்மையில் அது அடிவானத்துக்குக் கீழே இருக்கும்போதே காற்றுமண்டலம் ஒளியை வளைத்து நமக்குக் காட்டிவிடுகிறது. கடிகாரத்தில் பகலும் இரவும் சரிசமமாகும் நாள் எங்கள் ஊரில் மார்ச் முதல் வாரத்திலேயே வந்து போய்விடும். யாரும் கவனிப்பதில்லை. எங்களிடம் அதற்குப் பெயரும் இல்லை.

செப்டம்பர் 23ஐ ஒட்டி வரும் மற்றச் சம இரவு நாளைப் பாருங்கள். அன்று உதயம் 5 மணி 52 நிமிடம், சூரியன் மறையும் மஃரிபு 6 மணிக்கு முன்னரே. மார்ச்சுக்கும் இதற்கும் கால் மணி நேர வித்தியாசம். பூமி சூரியனைச் சுற்றும் பாதை சற்று நீள்வட்டமானது, அதன் அச்சும் சாய்ந்தது. இரண்டும் சேர்ந்து உச்சிப் பொழுதை முன்னும் பின்னும் தள்ளுகின்றன. இதற்கு மேல் அரசாங்கமும் மணிக்கூட்டில் கை வைத்தது உண்டு. 1996 மே மாதம் இலங்கை முழுக்க முள்ளை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அக்டோபரில் அரை மணி நேரத்தைத் திரும்பக் கொடுத்தார்கள். மிச்ச அரை மணி 2006 ஏப்ரலில்தான் திரும்பி வந்தது. அந்தப் பத்து ஆண்டும் கல்யாண வீட்டிலும் சந்தையிலும் "பழைய நேரமா, புதிய நேரமா?" என்ற கேள்வி ஓயவில்லை. வளவு மணலில் பங்குனி நிழல் அப்போதும் ஓர் அடிதான்.

கடிகாரத்தை விடுவோம். ஊருக்கே இந்த இரண்டு சம இரவு நாளும் ஒன்று இல்லை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று எங்கள் ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒரு பட்டையில் கோத்த மாதிரி கிடக்கின்றன. கிழக்கே கடல், மேற்கே வட்டை. பொழுது கடலில் புறப்பட்டு வேளாண்மைக்குள் இறங்கும். மார்ச் வரும்போது வாடைக்காற்று ஓய்ந்திருக்கும். கடல் தணியும். கரைவலைத் தோணிகள் இறங்கத் தொடங்கும். மேற்குக் கரையில் கடல் முரடாகும் காலத்தில் அந்தப் பக்கத்து மீனவர்களும் இங்கே வந்து வாடி போடுவார்கள். வட்டையில் பெரும்போகம் அறுத்த நெல் வீட்டுக்கு வந்திருக்கும், அல்லது வந்துகொண்டிருக்கும். கையில் காசு இருக்கும். செப்டம்பர் அப்படி இல்லை. கச்சான் காற்று அடித்து நிலம் வெடித்துக் கிடக்கும். அடுத்த பெரும்போகத்துக்கு மழையை எதிர்பார்த்து, கல்லோயாக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் என்று விசாரிப்பார்கள். வானத்தில் சூரியன் அதே கோட்டில்தான் நிற்கிறது. கீழே நிற்கிறவனுக்கு ஒன்றில் கை நிறைவு, மற்றதில் கண் வானத்தில்.

எங்கள் ஊர் விவசாயி இரண்டு நாட்காட்டிகளோடு வாழ்கிறவர். விதைப்பும் அறுப்பும் சூரியனோடு. நோன்பும் பெருநாளும் ஹஜ்ஜும் கல்முனைக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றமும் பிறையோடு. பிறை ஆண்டு ஏறத்தாழ 354 நாள். ஆண்டுக்கு 11 நாள் முன்னே நகர்ந்து நகர்ந்து, 33 ஆண்டுகளில் நோன்பு எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடும். பக்கத்து ஊர்த் தமிழர் ஏப்ரல் 14இல் சித்திரைப் புத்தாண்டு கொண்டாடுகிறார்கள். சூரியன் மேடத்தில் புகும் நாள் அது. ஏறக்குறைய 1700 ஆண்டுகளுக்கு முன் சம இரவு நாளும் அதுவும் ஒன்றாக இருந்தன. பூமியின் அச்சு பம்பரம்போல் மெல்லச் சுழல்கிறது. 72 ஆண்டுக்கு ஒரு பாகை விலகி, இன்று இரண்டுக்கும் இடையே மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி. சித்திரை என்பது ஒரு பழைய சமநாளை இன்னும் கைவிடாமல் வைத்திருக்கும் நினைவு என்று எனக்குத் தோன்றும். அன்று எங்கள் வீட்டுக்கு வரும் பலகாரத் தட்டை அந்த எண்ணத்தோடுதான் வாங்குகிறேன்.

2024இலும் 2025இலும் மார்ச் சம இரவு நாள் நோன்பு மாதத்துக்குள் வந்தது. என் தங்கச்சி லண்டனில் இருக்கிறாள். 2016 ஜூனில் நோன்பு வந்தபோது அவள் ஒரு நாளில் 18 மணி நேரத்துக்கு மேல் பிடித்தாள். இங்கே நாங்கள் 14 மணி நேரத்தைத் தாண்டவில்லை. எங்கள் நாட்டில் பகல் பெரிதாகக் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் கல்முனையில் வித்தியாசம் 50 நிமிடம் அளவுதான். உம்மா அந்த மாதம் முழுக்க நோன்பு திறக்கும் நேரத்தில் கஞ்சிக் கோப்பையைக் கையில் எடுத்துவிட்டு, "அவள் இன்னும் பிடிச்சிட்டுத்தான் இரிக்காள்" என்பார். கஞ்சி இறங்காது.

2025 மார்ச் 20ஆம் தேதி அவள் அழைத்தாள். "காக்கா, இன்டைக்கு எங்களுக்கும் ஆறு மணி கழிஞ்சுதான் பொழுது கிளம்பிச்சு, ஆறு மணி கழிஞ்சுதான் படும்" என்றாள். அவளுடைய கடிகாரத்தில் அவளுக்கும், எங்களுடைய கடிகாரத்தில் எங்களுக்கும் ஏறத்தாழ ஒரே நேரம். அன்று உலகத்தில் எந்த ஊர் முஸ்லிமுக்கும் உதயத்திலிருந்து மறைவு வரை ஏறத்தாழ 12 மணி நேரம். நான் உம்மாவிடம் சொன்னேன். அவர் முகத்தில் வந்த ஆறுதலை எழுத எனக்குத் தெரியவில்லை.

அந்த ஒரு நாளைப் பிடித்து வைத்திருக்கலாமே, நோன்பை எப்போதும் மார்ச்சிலேயே வைத்திருந்தால் எல்லாருக்கும் நீதியாக இருக்குமே என்று அன்றிரவு யோசித்தேன். பிறகு உறைத்தது. பிறை மாதத்தைப் பருவத்தோடு கட்டாமல் விட்டதனால்தான், லண்டனில் கோடைச் சுமையைச் சுமந்தவள் பதினைந்து பதினாறு ஆண்டுகள் கழித்து மாரிக்காலத்தின் குறுகிய பகலைப் பெறுகிறாள். தெற்கே, மெல்போர்னில் இருப்பவன் அப்போது நீண்ட பகலைச் சுமப்பான். ஒருவர் தோளிலிருந்து மற்றவர் தோளுக்குப் பாரம் மாறிக்கொண்டே இருக்கிறது. நீதி அந்த மாறுதலுக்குள் இருக்கிறது. அதை ஒரு நாளில் நிறுத்தினால் நீதியும் நின்றுவிடும்.

சிறுவயதில் பெருநாளைக்குப் புளிய மரத்தில் ஊஞ்சல் கட்டுவார்கள். உந்தி விட்டால் ஒரு பக்கம் உச்சிக்குப் போய், ஒரு கண நேரம் அந்தரத்தில் நின்று, திரும்பி வரும். வயிற்றைக் கலக்குவது அந்த உச்சி இல்லை. நடுவில், நிலத்துக்கு மிகக் கிட்டக் கடக்கும் இடம்தான். வேகம் முழுக்க அங்கேதான். சூரியனும் அப்படித்தான் ஆடுகிறது. ஜூன் 21ஐயும் டிசம்பர் 21ஐயும் ஒட்டி உதயப் புள்ளி நகர்வதே தெரியாது. ஒரு வாரம் தொடர்ந்து பார்த்தாலும் சூரியனின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட நகர்ந்திருக்காது. சம இரவு நாளை ஒட்டி ஒரே நாளில் அந்த அகலத்தில் முக்கால் பங்கு நகர்கிறது. ஆண்டிலேயே அது மிக வேகமாக ஓடும் நாட்கள் இவை. ஓய்ந்து நிற்கும் நாட்களில் பகலும் இரவும் ஒன்றுக்கொன்று மிகவும் ஏற்றத்தாழ்வானவை. சமமாகும் நாளில் நிற்க நேரமே இல்லை.

சமநிலை என்றால் அசையாமை என்று நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை என்னைப் பல ஆண்டுகள் வருத்தியது. 2004 டிசம்பர் 26 காலையில் இந்தக் கரையில் கடல் ஏறியது. இலங்கையிலேயே அதிகமான உயிர்களைக் கொடுத்தது அம்பாறை மாவட்டம். எங்கள் கடற்கரை வீதிகளில் வீடுகளின் அத்திவாரம் மட்டும் நின்றது. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் "வாழ்க்கை வழமைக்குத் திரும்பும்" என்று ஆறுதல் சொன்னார்கள். நாங்களும் அதற்காகக் காத்திருந்தோம். எந்த நாளுக்குத் திரும்புவது? பிள்ளையைக் கொடுத்த ஒரு தாய்க்கு எந்தத் தராசு மறுபடி நேராகும்? ஆனாலும் அவர் அடுத்த நோன்புக்குக் கஞ்சி காய்ச்சினார், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஊற்றிக் கொடுத்தார், அந்த ஆண்டும் வட்டையில் விதைத்தார்கள். திரும்பி வந்தது எதுவுமில்லை. கடந்து போனார்கள். கடக்கும்போது எப்போதோ ஒரு கணம் இரண்டு பக்கமும் ஒத்து நின்றிருக்கும். அவர்களுக்கே தெரிந்திருக்காது. பெயரில்லாத அந்த மார்ச் முதல் வாரத்து நாளைப் போல.

குர்ஆனில் சூரா அர்ரஹ்மான், சூரியனும் சந்திரனும் கணக்கின்படி ஓடுவதைச் சொல்லி, அதையடுத்துத் தராசைப் பேசுகிறது. கொஞ்சம் தள்ளி இரண்டு கிழக்குகளையும் இரண்டு மேற்குகளையும் குறிப்பிடுகிறது. கோடை உதயமும் மாரி உதயமும்தான் அந்த இரண்டு கிழக்கு என்று விரிவுரையாளர்கள் விளக்கினார்கள். இரண்டு எல்லையும் சொல்லப்பட்டிருக்கின்றன. நடுக்கோடு நாம் கடந்து அறிய விடப்பட்டிருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

மூத்தப்பா சொன்ன இன்னொன்று நெடுநாள் எனக்கு விளங்கவில்லை. எங்கள் தெருப் பள்ளியில் சுவர் ஒரு பக்கம் பார்த்திருக்கும், விரிப்பின் கோடுகள் வேறொரு பக்கம் சரிந்திருக்கும். தொழும் திசை ஏன் கோணல் என்று கேட்டேன். "மக்கா நேர் மேற்கில இல்ல மகன். ஆனி மாசத்துப் பொழுது விழுற இடத்தப் பாரு, அதுதான் கிப்லா" என்றார். வானியல் அறிஞர் அல்பிரூனி கஸ்னா நகரத்தின் கிப்லாவைக் கணித்து நிறுவ ஒரு நூலே எழுதினார். அவ்வளவு கடினமான கணக்கு அது. நான் அதே முக்கோணக் கணக்கைக் கல்முனைக்குப் போட்டேன். கிப்லா மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 23.7 பாகை. ஜூன் 21இல், ஆனி பிறந்த முதல் வாரத்தில், எங்கள் ஊரில் சூரியன் மறையும் இடம் மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 23.8 பாகை. தாளை மடித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

போன பங்குனியில் மகனைக் கூட்டிக்கொண்டு கரைவாகு வட்டைக்குப் போனேன். அறுத்து முடிந்த வயல். வரம்பில் நின்றோம். பொழுது நேர் மேற்கே, ஒரு தென்னைக்குப் பின்னால் இறங்கியது. நாளைக்கு அதே தென்னைக்கு வலப்பக்கம் இறங்கும் என்றேன். "எதுவரைக்கும் போகும், வாப்பா?" என்றான். கையை நீட்டி விரல்களை விரிக்கச் சொன்னேன். சுண்டுவிரலைச் சூரியனில் வைத்து, பெருவிரல் நுனி எங்கே நிற்கிறது என்று காட்டினேன். ஒரு சாணும் கொஞ்சமும். அதுவரைக்கும் போய்த் திரும்பும். அங்கே போய்ச் சேர மூன்று மாதம் ஆகும்.

ஊருக்குள்ளிருந்து பாங்கு கேட்டது. ஒரு பள்ளியில் தொடங்கி அடுத்த பள்ளிக்குத் தாவி, காரைதீவுப் பக்கம் கோயில் மணியோடு கலந்து வந்தது. வரம்பில் துண்டை விரித்தோம். பொழுது இறங்கிய இடத்தில் வானம் இன்னும் சிவந்திருந்தது. மகன் அதை ஒருமுறை பார்த்துவிட்டு, தானாகவே ஒரு சாண் வலப்பக்கம் திரும்பி நின்றான்.