மூக்கு மட்டும் மிஞ்சிய கதை

தினமும் காலையில் வாக்கிங் போவதாக எங்கள் சித்தப்பா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினால் போதும், மூக்கு நீண்ட மஞ்சள் முகத்தை யாராவது போட்டுவிடுவார்கள். யாரும் விளக்கம் கேட்பதில்லை. இத்தாலியில் கார்லோ கொலோடி 1881இல் சிறுவர் பத்திரிகை ஒன்றில் தொடராக எழுதத் தொடங்கிய கதையின் நாயகன் பினோக்கியோ என்ற மரப்பொம்மை. பொய் சொன்னால் நீளும் அவன் மூக்குதான் அது. 1940இல் டிஸ்னி படம் வந்தபின் உலகமே அதை அடையாளம் கண்டுகொண்டது. வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் அரசியல்வாதிகளின் பேச்சைச் சரிபார்த்து, புளுகுக்குத் தக்கபடி ஒன்று முதல் நான்கு பினோக்கியோ வரை வழங்கியது.

புத்தகத்தில் அந்த மூக்கு முதலில் நீள்வதற்குப் பொய் காரணமே இல்லை. தச்சர் ஜெப்பெட்டோ வாயைச் செதுக்குவதற்கு முன்பே அது வளர ஆரம்பித்துவிடுகிறது. பிறகு, பசியோடு பானையைத் திறக்கப்போனவன், அது சுவரில் வரைந்த படம் என்று தெரிந்து ஏமாறும்போதும் நீள்கிறது. பொய்க்காக நீள்வதெல்லாம் வெகு பின்னால்தான்.

பசியில் நீண்ட மூக்கை மறந்து, பொய்யில் நீண்டதை மட்டும் நாம் வைத்துக்கொண்டோம். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். அந்த எட்டு நாள் பொறுக்கவும் நமக்கு முடியவில்லை. எதிராளியின் குற்றம் அவன் முகத்திலேயே தெரிந்துவிட வேண்டும். நம் மூக்கைத் தொட்டுப் பார்க்கும் எண்ணம் மட்டும் வருவதில்லை.

பொய்யை விட்டதால் மட்டும் பினோக்கியோ மனிதனாகிவிடவில்லை. ஜெப்பெட்டோ தன் கோட்டை விற்று அவனுக்குப் பாடப்புத்தகம் வாங்கித் தந்தவர். அவர் நோயில் படுத்தபோது, ஒரு டம்ளர் பாலுக்காக நூறு வாளி தண்ணீர் இறைக்கிறான். அதுவரை ஒரு கழுதை செய்த வேலை அது. ஐந்து மாதத்துக்கு மேல் தினமும் விடியுமுன் எழுந்து போகிறான், கூடையும் முடைகிறான். புதுச் சட்டைக்குச் சேர்த்த காசை, முன்பு தனக்கு உதவிய தேவதை நோயுற்றிருப்பதை அறிந்து அவளுக்குக் கொடுத்தனுப்புகிறான். அதன் பிறகே மரம் சதையாகிறது.

நீண்ட மூக்கை ஒரு கோட்டில் வரைந்துவிடலாம். ஐந்து மாத உழைப்பை எப்படி வரைவது? அதனால்தான் கதையில் சுலபமானது ஊரெங்கும் பரவியது, கனமானது புத்தகத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. பொய் சொல்லாமல் ஒரு நாளைக் கடத்துவது பெரிய காரியமில்லை, பேசாமல் இருந்தாலே போதும். நமக்காகக் கோட்டை விற்றவருக்கு நாம் எத்தனை வாளி இறைத்தோம் என்ற கணக்கை வேறு யாரும் சரிபார்க்கப்போவதில்லை. அதை நாமேதான் பார்த்தாக வேண்டும்.