எல்லாம் தானா சரியாகிடுமா?

ரொம்ப நாளா மனசுல ஓடிட்டு இருக்கிற ஒரு கேள்வியை இன்னிக்கு எழுதிடலாம்னு உட்கார்ந்தேன்.

2022 டிசம்பர் 9. மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்தில் கரையைக் கடந்த ராத்திரி. சென்னையில எங்க வீட்டுல கரண்ட் இல்ல. காத்து ஜன்னலைப் பிடிச்சு உலுக்கிட்டே இருந்துச்சு. அந்த நேரத்துல காலேஜ் நண்பன் ஒருத்தன் போன் பண்ணான். வேலை போயிடுச்சு, வீட்டுல எப்படிச் சொல்றதுன்னே தெரியலடான்னான். "விடு மச்சான், எல்லாம் சரியாகிடும்"னு சொன்னேன். சார்ஜ் குறையுதுன்னு ரெண்டு நிமிஷத்துல வச்சுட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில தூறலும் காத்தும் விடல. நேரம் ஆக ஆகக் காத்து அடங்குச்சு. சாயங்காலம் மழை சுத்தமா நின்னு, வானம் கொஞ்சம் வெளுத்துச்சு. பார்த்தியா, தானாவே சரியாகிடுச்சுன்னு நினைச்சுகிட்டே தெருவுல இறங்கினேன்.

தெருமுனையில ஒரு பெரிய மரம் சாய்ஞ்சு கிடந்தது. மாநகராட்சி ஆளுங்க காலையிலேர்ந்து நனைஞ்சுகிட்டே அதை அறுத்துட்டு இருந்திருக்காங்க. மின்வாரிய ஊழியர் ஒருத்தர் கம்பத்துல ஏறி நின்னார். நான் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

யோசிச்சுப் பார்த்தா, புயல் அடங்கியதற்கு யாரும் எதுவும் செய்யவில்லை. நிலத்துக்குள் வந்ததும் அதற்குத் தீனி போட்ட சூடான கடல்நீர் கிடைக்காமல் போகிறது, வலுவிழந்துவிடுகிறது. ஆனால் தெரு சரியானது மனிதர்களின் கையால். மாற்றுத்திறனாளிகள் கடல் வரைக்கும் போகணும்னு மெரினாவில் அந்த நவம்பர் 27-ல் திறந்த மரப்பாதை, இரண்டு வாரம்கூட ஆகாமல் அந்தப் புயலில் சேதமானது. வானம் தெளிஞ்சதால அது பாதையாகிடல. யாரோ பலகையை எடுத்து மறுபடி அடிச்சாங்க.

அப்போ, கஷ்டத்துல இருக்கிறவன்கிட்ட "சரியாகிடும்"னு சொல்றது ஆறுதலா, இல்ல நாம நழுவிக்கிற வழியா?

அந்த வார்த்தையே தப்புன்னு சொல்ல மாட்டேன். இது நிலைக்காது என்று யாராவது சொன்னால்தான் சிலரால் அந்த இரவைத் தாண்ட முடியும். ஆனால் சொன்னவன் விடிஞ்சதும் கையில ஒரு அரிவாளோட வந்து நிக்கணும். வரலைன்னா அது ஆறுதல் இல்ல, வெறும் வானிலை அறிக்கை.

நான் நண்பனைத் திரும்பக் கூப்பிட்டது மூணு வாரம் கழிச்சு. அதுக்குள்ள தனியாவே அப்பாகிட்ட சொல்லிட்டான். தனியாவே ரெண்டு இன்டர்வியூவும் போயிட்டு வந்துட்டான். "நீ சொன்ன மாதிரியே சரியாகிட்டு வருதுடா"ன்னு சிரிச்சான். எனக்குத்தான் சிரிப்பு வரல. அதுல என் பங்கு எதுவுமே இல்லையே.

நீங்களும் யார்கிட்டயாவது "சரியாகிடும்"னு சொல்லிட்டு மறந்திருக்கீங்களா? இன்னிக்கே கூப்பிடுங்க. "நான் என்ன செய்யட்டும்?"னு கேளுங்க.