நெருப்பும் சுத்தியலும்

துன்பம் மனிதனைப் பக்குவப்படுத்துமா என்ற கேள்விக்கு நம் சமயங்கள் பெரும்பாலும் ஆம் என்றே விடை சொல்லி வந்திருக்கின்றன. இறைவன் தரும் நோயையும் இழப்பையும் சைவ சித்தாந்தம் மறக்கருணை என்கிறது. தண்டனைபோலத் தோன்றினாலும் அதுவும் அருளே, வினையை நுகர்ந்து கழித்து, உயிரைப் பற்றிய அழுக்காகிய மலம் பரிபாகமாவதற்கு அது துணை என்பது அதன் வாதம். திருநாவுக்கரசருக்கு வந்த சூலைநோய் இதற்குச் சான்றாகக் காட்டப்படும். மேடையில் இதைச் சொல்பவர் அடுத்து எடுக்கும் உவமை அநேகமாகப் பொன்னாகத்தான் இருக்கும்: நெருப்பில் இட்டால்தான் மாற்று உயரும், அடித்தால்தான் உருப்பெறும். அந்த உவமையைத் தள்ள வேண்டியதில்லை. கடைசிவரை பின்தொடர்ந்தால் போதும். உலோகத்துக்கு நெருப்பு செய்வது வேறு, சுத்தியல் செய்வது வேறு. இரண்டையும் ஒன்றாக்கித் துன்பம் என்று பெயர் வைத்ததில்தான் பிழை நுழைந்தது.

பொற்கொல்லர் கம்பி இழுக்கும்போது இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். கம்பியின் நுனியைக் கூராக்கி, வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போகும் துளைகளுள்ள எஃகுத் தகட்டில் ஒவ்வொரு துளையாகச் செருகி, குறட்டால் பிடித்து இழுப்பார். சில துளைகள் தாண்டியதும் கம்பி விறைத்து, வளைத்தால் திமிறும். அதற்குமேலும் இழுத்தால் அறுந்துவிடும் என்று கைக்குத் தெரிந்துவிடுவதால், கம்பியைச் சுருட்டி நெருப்பில் காய்ச்சுவார். அது பழையபடி வளைய இசைந்த பிறகுதான் அடுத்த துளை. உலோகத்தின் அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்தவை. அந்த அடுக்கில் பிசகுகள் உண்டு. உலோகம் உருமாறுவது இந்தப் பிசகுகள் நகர்வதால்தான் என்று 1934இல் டெய்லர், ஒரோவான், போலான்யி ஆகிய மூவரும் தனித்தனியே விளக்கினார்கள். அடியும் இழுப்பும் பிசகுகளைப் பெருக்கி, ஒன்றோடொன்று சிக்கவைக்கின்றன. நகர வழியில்லாமல் போவதால் உலோகம் கெட்டிப்படுகிறது. அடி உறுதி தருவது உண்மை. அதற்கு விலையாக வளைந்துகொடுக்கும் தன்மை போய்விடுவதும் உண்மை. நெருப்போ சிக்கலை அவிழ்த்துவிடுகிறது. பட்ட துன்பத்தால் இறுகிப்போய், அடுத்தவர் துன்பத்துக்கு அசையாமல் நிற்பவரை உறுதியானவர் என்று புகழ்கிறோம். பொற்கொல்லரின் கணக்கில் அது காய்ச்ச வேண்டிய பதம்.

பெருந்துன்பத்தைத் தாங்கி உயர்ந்த அடியார்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். இருக்கிறார்கள், ஆனால் அவர்களை வைத்து மற்றவர்களை அளக்க முடியுமா என்பதே கேள்வி. அதற்கும் உலோகத்திடமே விடை உண்டு. 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு காமெட் ஜெட் விமானங்கள் இத்தாலியை ஒட்டிய கடலுக்கு மேல் பறக்கையில் சிதறி விழுந்தன. ஒவ்வொரு பயணத்திலும் பயணிகள் அறையின் காற்றழுத்தம் ஏறி இறங்க, திறப்புகளின் மூலைகளில் தகைவு குவிந்து விரிசல் வளர்ந்திருந்தது. ஒரு தடவை வரும் அழுத்தம் தகட்டின் தாங்குதிறனுக்கு உட்பட்டதுதான். திரும்பத் திரும்ப வந்ததே கேடு. இத்தனைக்கும் முன்பே சோதித்த மாதிரி அறை 16,000 தடவைக்கு மேல் தாங்கியிருந்தது. விழுந்த விமானங்களோ 1,290, 900 என்ற அளவிலான பயணங்களிலேயே உடைந்தன. காரணம், மாதிரி அறைக்குத் தொடக்கத்திலேயே மிக உயர்ந்த அழுத்தம் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். அது மூலைகளைக் கெட்டிப்படுத்தி அதன் ஆயுளை நீட்டிவிட்டது. தாங்கிய ஒன்றின் தனி வரலாற்றைப் பொதுவிதியாக எண்ணியதால் வந்த வினை. துன்பத்தில் உயர்ந்தவர் சாட்சி சொல்ல மிஞ்சுகிறார். நொறுங்கியவருக்கு மேடை கிடைப்பதில்லை. ஒருபக்கச் சாட்சியத்தை மட்டும் கேட்டு எழுதிய தீர்ப்பு நிற்காது.

மனிதன் ஜடமல்லவே, உலோகத்தின் விதி உயிருக்கு எப்படிப் பொருந்தும் என்ற மறுப்பு இதைவிட வலுவானது. பொன்னை உவமையாக எடுத்தவர்கள் அதை எழுப்ப முடியாது என்றாலும், அதற்கு நேராகவே விடை சொல்லலாம். எலும்பு உயிருள்ள பொருள். சுமைக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்கிறது என்று 1892இல் யூலியுஸ் வோல்ஃப் எழுதினார். ஆனால் நெடுநடை போட்ட சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதை அதற்கு முன்பே, 1855இல், பிரஷ்ய ராணுவ மருத்துவர் ப்ரைட்ஹாப்ட் குறித்துவைத்திருந்தார். எக்ஸ்ரே வந்த பிறகு, அந்த வலிக்குப் பின்னால் எலும்பு விரிசலும் உண்டு என்று தெரிந்தது. ஒருவருடைய எலும்பை உரமாக்கும் அதே நடை இன்னொருவருடைய எலும்பைக் கீறிவிடுகிறது. சுமையின் அளவோடு, இடையில் ஓய்வும் ஊட்டமும் கிடைத்தனவா என்பதும் அதைத் தீர்மானிக்கிறது. ஆகவே உயிர் துன்பத்தால் வளரக்கூடும் என்பதை ஒப்புக்கொள்ளலாம். துன்பமே வளர்க்கிறது என்பதை ஒப்புக்கொள்ள முடியாது.

தாங்கும் அளவறிந்தே இறைவன் தருவான், இப்பிறவியில் முறிந்தவர் மறுபிறவியில் தேறுவார் என்பது கடைசி விடை. அது நம்பிக்கை, அதைப் பொய்யென்று நிறுவ எந்தச் சோதனைக்கூடத்தாலும் ஆகாது. ஆனால் பொன்னும் உலையும் அதற்குச் சாட்சியாக வரமாட்டா. நாவுக்கரசர் கதையிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. சுண்ணாம்பு நீற்றறையில் ஏழு நாள் அடைக்கப்பட்டவர் வெந்து உரம்பெற்று வெளிவரவில்லை; அறை அவருக்குக் குளிர்ந்தது என்றுதான் புராணம் சொல்கிறது. அங்கே அருளாக வந்தது வெப்பம் அல்ல, வெப்பத்தின் தணிவு. தன் வாழ்வைத் திரும்பிப் பார்த்து, பட்ட துன்பம் கருணையே என்று சொல்லிக்கொள்ளும் உரிமை பட்டவருக்கு உண்டு. அருகில் நிற்பவருக்கு அந்த உரிமை இல்லை. அவருக்கு இருப்பது சுமையைக் குறைக்கும் கடமை மட்டுமே. அந்தக் கடமையிலிருந்து தப்பிக்க மறக்கருணையைக் காரணம் காட்டுபவர், இறைவன் பெயரால் சுத்தியலைக் கையில் எடுத்துக்கொள்கிறார்.