அடைக்கலக் குருவி



இயேசுநாதர் வாழ்ந்த காலத்தில் யூதேயாவின் சந்தைகளிலே குருவியும் விலைப்பட்டது. ஆட்டிறைச்சிக்கு வழியில்லாத ஏழை வாங்கும் இறைச்சி அது. புனித மத்தேயு சொல்லும் கணக்கில் ஒரு காசுக்கு இரண்டு. புனித லூக்காஸ் சொல்லும் கணக்கிலோ இரண்டு காசுக்கு ஐந்து. அப்படியானால் ஐந்தாவது குருவிக்கு விலையே இல்லை, வியாபாரி சும்மா போட்டுக் கொடுத்தது. அதையும் பிதாவானவர் மறப்பதில்லை என்றார் ஆண்டவர். இதை நான் எத்தனையோ பிரசங்கங்களில் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். மனிதனின் மேன்மையைக் காட்டத்தான் சொன்னேனே தவிர, குருவியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சில வருடங்களுக்கு முன் திருநாளுக்காக வெள்ளையடித்தபோது, அறைவீட்டு விறாந்தை வளையில் இருந்த குருவிக்கூட்டைத் தட்டிவிடச் சொன்னவன் நான்தான். வைக்கோலும் எச்சமும் விழுந்து சுவர் அழுக்காகிறது என்பது என் முறைப்பாடு. கூடு விழுந்தது. உள்ளே இறகு முளையாத நான்கு குஞ்சுகள். தாய்க்குருவி வாயில் ஒரு பச்சைப் புழுவோடு வந்து, கூடு இருந்த இடத்தையே சுற்றிச் சுற்றிப் பறந்தது. இரண்டு நாள் வந்தது. மூன்றாம் நாள் வரவில்லை.

நம் பெரியவர்கள் இதற்கு அடைக்கலக் குருவி என்று பேரிட்டார்கள். மனிதர் குடியிருக்கும் இடத்தில்தான் இது குடியிருக்கும். ஊர் வெறுமையானால் இதுவும் அங்கே நிலைக்காது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தென்மராட்சியில் முன்பின் அறியாத ஒருவரின் விறாந்தையில் பாய் விரித்துப் படுத்தவர்கள் உங்களிலே பலர். சுவர் அழுக்காகிறது என்று அந்த வீட்டுக்காரர் சொல்லியிருந்தால்?

கர்த்தருடைய ஆலயத்தில் பீடத்தருகே கூடு கட்டும் குருவியைக் கண்டு சங்கீதக்காரர் ஏங்கினார். ஆலயப் பணியாளர் அதைத் தட்டிவிட்டதாக அங்கே எழுதப்படவில்லை!

முன்னர் ஓட்டுக்கும் வளைக்கும் நடுவே இடுக்கு இருந்தது. முற்றத்தில் சுளகில் அரிசி புடைத்தார்கள், குறுநொய் சிந்தியது. இன்று கொங்கிறீற்றும் அலுமினிய யன்னலும். அரிசி பையில் வருகிறது. கிளுவை வேலி போய் மதில் வந்துவிட்டது, வேலியடியில் கூட்டமாகச் சருகு கிளறிய புலுனிகளும் அதனோடு போய்விட்டன. இவற்றை எல்லாம் திருப்பிக் கொண்டுவர முடியாது, ஆனால் ஒரு மண்முட்டி வாங்க முடியும். பக்கத்தில் ஒன்றேகால் அங்குலத் துவாரம் போதும். பெரிதானால் மைனா பிடித்துக்கொள்ளும். பூனை எட்டாத உயரத்தில், மழைச்சாரலும் பின்னேர வெயிலும் படாத தாழ்வாரத்தில் கட்டுங்கள். கட்டியபின் ஏணி வைத்து எட்டிப் பார்க்காதீர்கள். அறைவீட்டில் மூன்று முட்டிகள் தொங்குகின்றன. இன்னும் ஒன்றும் வரவில்லை. எனக்கு அது தகும்.

நொய்யும் குரக்கனும் போடலாம். ஆனால் தானியம் பெரிய குருவிக்குத்தான். குஞ்சுக்கு முதல் நாட்களில் புழு பூச்சியே ஆகாரம். கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஓயாமல் மருந்தடிக்கும் தோட்டத்துக்கு அருகில் எத்தனை முட்டி கட்டினாலும் குஞ்சு பிழைக்காது. வீட்டு வளவில் நாலு கன்றையாவது மருந்தில்லாமல் விடுங்கள். கறிவேப்பிலையும் வேம்பும் பழுத்தால் மற்றப் பறவைகள் தாமே வரும், செவ்வரத்தை பூத்தால் தேன்சிட்டு வரும்.

எல்லாவற்றிலும் பெரிது தண்ணீர். ஆறில்லாத நமது குடாநாட்டில், சோளகம் வீசும் மாதங்களில் குளமும் வற்றினால் பறவை எங்கே போகும்? இரண்டங்குல ஆழச் சட்டி ஒன்று, நடுவே கால் வைக்க ஒரு கல். பற்றையை ஒட்டி வைத்தால் பூனை பதுங்கும், சற்றுத் தள்ளி வையுங்கள். தினமும் ஊற்றிக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் பறவைக்கு முன்னர் டெங்கு நுளம்பு வரும், அதற்குப் பின்னால் சுகாதாரப் பரிசோதகரும் வருவார்.

புனித பிரான்சிஸ் அசிசியார் பறவைகளுக்குப் பிரசங்கித்த படம் பல வீடுகளில் தொங்குகிறது. 1979இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரைச் சூழலியலாளரின் பாதுகாவலராக அறிவித்தார். அவர் சரித்திரத்தை எழுதிய செலானோ ஊர்த் தோமாஸ் இன்னொன்றும் சொல்கிறார். சக்கரவர்த்தியைக் காணக் கிடைத்தால், நத்தார் நாளில் தெருவெங்கும் பறவைகளுக்குத் தானியம் தூவக் கட்டளையிடும்படி கேட்பேன் என்பாராம். பிரசங்கத்தோடு அவர் நிறுத்தவில்லை.

அடைக்கலம் கேட்டு வருவது குருவி மட்டுமல்ல. ஒக்டோபர் அளவில் இந்தியாவிலிருந்து கடல் தாண்டி ஆறுமணிக் குருவி வரும். பச்சை முதுகு, வயிற்றடியில் சிவப்பு. இரவில் பறந்து வந்த களைப்பில் சிலவேளை வீட்டுக்குள்ளேயே விழுந்து கிடக்கும். பூனை காணுமுன் எடுத்து, காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் இருட்டாக வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், சோறு தீத்த வேண்டாம், பிள்ளைகள் தொட்டுப் பார்க்கவும் வேண்டாம். விடிந்ததும் மரநிழலில், சருகு கிடக்கும் இடத்தில் பெட்டியைத் திறந்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.